மரப்பாச்சிக்கு ஒரு முண்டாசு

பொட்டி தட்டுற பய பொம்மைக்குத் துணி கட்டிக்கிட்டு இருக்கானான்னு சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. பதிவு கொஞ்சம் நீளம். :)

விஷயம் இதுதான். பழைய காலத்துத் தலைப்பாகைகளை ஒண்ணொண்ணா மரப்பாச்சி பொம்மைக்குக் கட்டிப் பாக்கறது கொஞ்ச நாளா எனக்குப் பொழுதுபோக்கு. சிலர் ஸ்டாம்ப் சேர்ப்பாங்க, சிலர் பழைய நாணயம் சேர்ப்பாங்க. நான் முண்டாசு சேர்க்கறேன். இதுவரைக்கும் பதினொண்ணு ஆச்சு.

மரப்பாச்சி பாக்காதவங்களுக்காக ரெண்டு வரி. செம்மரத்துல செஞ்ச ஜோடிப் பொம்மை. ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. கை உடம்போட ஒட்டியிருக்கும். நேரா நின்னு நம்மளையே முறைக்கும். கல்யாணத்துக்குச் சீரா குடுப்பாங்க, கொலுவுல மேல்படியில வைப்பாங்க. இதுல முக்கியமான சமாச்சாரம், கடையில இருந்து வரும்போது பொம்மை துணியில்லாமத்தான் வரும். வருஷா வருஷம் நவராத்திரிக்கு வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து பட்டுத்துணி வெட்டி, சரிகை ஒட்டி, மணி கோத்து உடுத்தி விடுவாங்க. ஒரு வருஷம் கல்யாண ஜோடி, மறு வருஷம் ராஜா ராணி. 1959-ல அமெரிக்காவுல பார்பி பொறந்து சட்டை மாத்த ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஊர்ல இந்த வேலை நடந்துக்கிட்டுதான் இருந்தது.

எங்க வீட்ல கொலு வைக்கற பழக்கம் எல்லாம் கிடையாது. ஏற்காட்டுல எஸ்டேட் லைன் வீடு. எனக்கு முடியெடுக்கத் திருப்பதி போனப்ப அப்பா வாங்கிட்டு வந்த ஜோடி ரொம்ப காலமா டிவி மேல நின்னுட்டு இருந்தது. உயரம் 9 அங்குலம். அதுதான் என்னோட மாடல்.

ஏன் தலைப்பாகை? ஒரு நூறு வருஷத்துக்கு முந்தின தமிழ்நாட்டு குரூப் போட்டோ எதையாவது எடுத்துப் பாருங்க. வக்கீல், வாத்தியார், ஜமீன்தார், வண்டிக்காரர், தோட்டக்காரர்னு அத்தனை பேர் தலையிலும் ஏதோ ஒண்ணு சுத்தியிருக்கும். திருச்சியில 19-ஆம் நூற்றாண்டுல மைக்கா தகட்டு மேல சின்னச் சின்ன ஓவியம் வரைஞ்சு வெள்ளைக்காரங்களுக்கு வித்தாங்க. தொழிலுக்கு ஒரு ஆள்னு வரைஞ்சிருப்பாங்க. அதுல முகத்தை மறைச்சிட்டுத் தலையை மட்டும் பார்த்தாலே ஆள் என்ன தொழில்னு ஓரளவுக்குச் சொல்லிடலாம். இன்னைக்கு நம்ம ஆபீஸ்ல நிக்க வெச்சு ஒருத்தன் தலையில துண்டு கட்டச் சொல்லுங்க பார்ப்போம். யூட்யூப் தேடுவான். ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள ஒரு ஊரே கையால தெரிஞ்சு வெச்சிருந்த வேலை போயிடுச்சு. தைச்சு வைக்கற சாமானா இருந்தா பொட்டியில இருந்து எடுத்துப் பாக்கலாம். தலைப்பாகை அப்படி இல்லை. அவிழ்த்தா வெறும் துணி. அது இருந்ததே கட்டினவங்க கையிலதான்.

சரி, பொம்மைக்குக் கட்டறதுல என்ன கஷ்டம்? இங்கதான் நம்ம படிச்ன இன்ஜினியரிங் கொஞ்சம் உதவுது (அப்பாடா, கட்டின பீஸுக்கு!).

அஞ்சரை அடி மனுஷன் 66 அங்குலம். பொம்மை 9 அங்குலம். அதாவது ஏழுல ஒரு பங்கு. சீக்கியர் தலைப்பாகைக்கு 5, 6 மீட்டர் துணி ஆகும்னு வெச்சுக்கங்க. ஏழால வகுத்தா கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். அகலத்தையும் ஏழால வகுத்துடலாம். ஆனா துணியோட கனத்தை வகுக்க முடியாதே! நூல் நூல்தான். அதனால கணக்குப்படி வெட்டிச் சுத்தினாலும், மொத்தம் இருக்க வேண்டியதைவிட ஏழு மடங்கு பெருசா வந்து நிக்கும். தலையில பூசணிக்காய் வெச்ச மாதிரி. பாதி கனத்துல மெல்லிசா மல் துணி எடுத்தாலும் இன்னும் மூணரை மடங்கு மிச்சம்.

அப்போ என்ன பண்றது? வெளியில கண்ணுக்குத் தெரியற மடிப்பு எத்தனைன்னு படத்தைப் பார்த்து எண்ணிக்கணும். அந்த மடிப்பை மட்டும் ஒண்ணு விடாம கொண்டு வரணும். உள்ளே மறைஞ்சிருக்கற சுத்து எல்லாத்தையும் கழட்டிடணும். மென்பொருள்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கணும், உள்ளே என்ன இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. :) மரப்பாச்சிக்கு உடம்புக்கு மீறின தலைங்கறதால நமக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குது.

அடுத்தது கஞ்சி. துணியைச் சோத்துக் கஞ்சியில முக்கி ஈரத்தோட சுத்தினாதான் மடிப்பு நிக்கும். ஆனா செம்மரத்துல ஈரம் பட்டா சாயம் இறங்கும். வெள்ளைத் துணி ரோஸ் கலர் ஆயிடும். அதனால தலைக்கு மெல்லிசா பிளாஸ்டிக் காகிதம் சுத்தி, அதுக்கு மேல கட்டணும். சேலத்துல கட்டினா ஒரு மத்தியானத்துல காய்ஞ்சு மொறமொறன்னு ஆயிடும். ஏற்காட்டுல ஜூலை, ஆகஸ்ட் பனிமூட்டத்துல கட்டினா மூணு நாள் ஆனாலும் காயாது, நாலாம் நாள் பூஞ்சை பூக்கும். அடுப்புக்குப் பக்கத்துல வைக்கணும்.

சரிகைக் கரை வேணும்னா பழைய அங்கவஸ்திரத்துல இருக்கற மெல்லிசான கரையை எடுத்துக்கலாம். ஊசி, நூல், பசை எதுவும் கிடையாது. நிஜத் தலைப்பாகைக்கும் கிடையாதே.

இதைவிடப் பெரிய சிக்கல் வேற. போட்டோவுக்குப் பின்பக்கம் கிடையாது!

பாரதியார் முண்டாசு தெரியாத தமிழன் உண்டா? ஆனா அவரோட அசல் போட்டோக்கள் விரல் விட்டு எண்ணிடலாம். நாம தினம் பாக்கற பாரதி பெரும்பாலும் ஓவியமும் சிலையும்தான். முன்பக்கத்துல மடிப்பு எந்தப் பக்கம் ஏறுதுன்னு பார்த்துக் கட்டிடலாம். துணி எங்க ஆரம்பிக்குது, நுனியை எங்க செருகியிருக்குன்னு முன்னாடி இருந்து பார்த்தா தெரியாது. காசியில இருந்த காலத்துல (1898-1902) அவருக்கு அந்தக் கட்டு பழக்கமாச்சுன்னு சொல்லுவாங்க. அதனால வடக்கத்திக் கட்டு மாதிரி ஆரம்பிச்சு, நம்ம ஊர் ஆள் மாதிரி முடிச்சுப் பார்த்தேன். ஓரளவு முகம் வந்துடுச்சு. பொம்மைக்கு மீசை மட்டும்தான் பாக்கி.

சிலை பரவாயில்லை, சுத்தி வந்து பார்க்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்துல முத்துசாமி ஐயர் (1832-1895) சிலை இருக்கு. அந்த நீதிமன்றத்தோட முதல் இந்திய நீதிபதி. வெறுங்கால், தலையில தலைப்பாகை, அப்படியே உக்காந்திருப்பார். விஸ்வேஸ்வரய்யாவோட (1861-1962) மைசூர் பேட்டா இன்னும் சுலபம். கட்டி முடிச்ச நிலையிலேயே இன்னைக்கும் கடையில விக்கறாங்க, தொப்பி மாதிரி மாட்டிக்கலாம். வாங்கி அவிழ்த்துப் பார்த்தா வேலை முடிஞ்சது.

இப்படி அவிழ்த்து, தொட்டுப் பார்த்துக் கத்துக்கறது என் கண்டுபிடிப்பு இல்லீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி பாரீஸ்ல போல் புவாரேன்னு பெரிய உடை வடிவமைப்பாளர் இருந்தார். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்து ஆள் மயங்கிட்டார். கண்ணாடிப் பெட்டியில இருந்து எடுத்துத் தொட்டுப் பார்க்க அனுமதி வாங்கினார். தன்னோட தையல் கூடத்து அம்மா ஒருத்தரை பாரீஸ்ல இருந்து வரவழைச்சு, நாள் கணக்குல அங்கேயே உக்காந்து நகலெடுக்க வெச்சார். இதை அவரே தன் சுயசரிதையில எழுதியிருக்கார். கொஞ்ச நாள்ல பாரீஸ் சீமாட்டிங்க தலையில எல்லாம் தலைப்பாகை! 1911-ல 'ஆயிரத்தி ரெண்டாவது இரவு'ன்னு ஒரு விருந்து வெச்சு, தானே சுல்தான் வேஷம் போட்டு உக்காந்தார். நம்ம ஊர்ல அதே சமயம் படிச்ச பசங்க தலைப்பாகையைக் கழட்டிட்டு கிராப்பு வெட்டிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. :)

எங்க மலைக்கு வர்றேன். சேர்வராயன் கோயில் 5,300 அடிக்கு மேல இருக்கு. மே மாசத் திருவிழாவுக்கு மலையில இருக்கற ஊர் ஊரா மலையாளி மக்கள் வருவாங்க (கேரளத்து மலையாளி இல்லீங்க, இந்த மலையோட பழங்குடி மக்கள்). அங்க காத்து அடிக்கற அடிக்குத் தொப்பி நிக்காது. துண்டுதான் நிக்கும். ஒரு தாத்தா பேச்சு வாக்குல தன் முண்டாசை அவிழ்த்து, உதறி, ஒரு முறுக்கு முறுக்கித் திரும்பக் கட்டினார். அஞ்சு செகண்டுகூட ஆகியிருக்காது.

"தாத்தா, இன்னொருக்கா மெதுவா கட்டிக் காட்டுங்களேன்."

"என்னத்தக் காட்டறது? கட்டுனா வருது."

அவ்வளவுதான் டாக்குமென்டேஷன்! மெதுவா கட்டச் சொன்னா அவருக்கே வரலை. வேகமா கட்டினாதான் வருது. நாலு தடவை கட்டச் சொல்லி, நாலு பக்கமும் போய் நின்னு பார்த்துக்கிட்டேன். என் பதினொண்ணுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

பதினொண்ணையும் வரிசையா வெச்சுப் பாக்கறப்ப வேற ஒண்ணு புரிய ஆரம்பிச்சது. இது குளிருக்கும் வெயிலுக்கும் கட்டின துணி மட்டும் இல்லை. யார் கட்டலாம், யார் முன்னாடி கட்டலாம், யார் முன்னாடி அவிழ்க்கணும்னு ஒரு பெரிய சட்டப் புத்தகமே அதுக்குள்ள இருக்கு. கோயில்ல பெரிய மனுஷனுக்குப் பரிவட்டம். அதே ஊர்ல இன்னொருத்தர் பண்ணையார் எதிர்ல வந்தா தலைத்துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கிடணும். ஒரே துண்டுதான். தலையில இருந்தா மரியாதை, கக்கத்துல இருந்தா பணிவு. வெள்ளைக்காரன் வந்து இதை இன்னொரு திருப்பு திருப்பினான். ராஜா கட்டினதை எடுத்து பட்லருக்கும் பியூனுக்கும் கட்டி விட்டான். கலெக்டர் ஆபீஸ் தபேதார் போட்டுக்கற டவாலியும் தலைப்பாகையும் அந்தக் காலத்து மிச்சம்தான். பெரிய ஹோட்டல்ல நமக்குக் கதவு திறந்து விடறவர் தலையிலயும் மகாராஜா தலைப்பாகைதான் இருக்கு.

எங்க சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் இதுக்கு 'உருமா'ன்னு பேரு. கொங்குக் கல்யாணத்துல உருமால் கட்டுன்னு ஒரு சீர் உண்டு. சாவுக்கும் உண்டு. கருமாதி அன்னைக்கு மாமன் வீட்டுக்காரங்க கோடித்துணி எடுத்து வந்து பையனுக்குத் தலைக்குக் கட்டுவாங்க. இனிமே இந்த வீட்டுக்கு இவன்தான்னு அர்த்தம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்பா போனப்ப எனக்கும் கட்டினாங்க. மலையடிவாரத்துல எங்க சொந்த ஊர்ல, பதினாறாம் நாள். மொட்டைத் தலையில புதுத் துணி வழுக்கிக்கிட்டே இருந்தது. மாமா ஒரு கையால என் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சுத்தினார். கஞ்சி வாசனை இன்னும் மூக்குல இருக்கு. "நிமிந்து உக்காருடா"ன்னார். அப்பா இல்லாம நிமிர்ந்து உக்காந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. பன்னெண்டாவது பொம்மைக்கு இந்தக் கட்டுதான்னு நினைச்சிருக்கேன். நாலு வாட்டி துணியைக் கையில எடுத்துட்டேன், இன்னும் கட்டலை.

அந்த வருஷம் ஆடிப் பண்டிகைக்கு ஊர்ல வரி வசூல் பண்ணினாங்க. வரி எப்பவும் தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னுதான். தலைக்கட்டுங்கற வார்த்தையைப் பாருங்க. ஒரு குடும்பம்னு அர்த்தம். தலையில கட்டறவன் ஒருத்தன் இருந்தா ஒரு குடும்பம்! லிஸ்ட்ல அப்பா பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிட்டாங்க. நான் அப்ப சென்னையில ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். ஊருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை போனா அதிகம். வீட்டை நடத்தறது அம்மா. வரிப் பணம் கொண்டு போய்க் குடுத்ததும் அம்மா. ரசீதுல பேரு என்னோடது. "அம்மா பேர்ல போட்டா என்ன?"ன்னு போன்ல கேட்டேன். "பொம்பளை பேர்ல போடற வழக்கம் இல்லை தம்பி"ன்னு பதில் வந்தது. அம்மா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை.

இனி பொம்பளைங்க தலைப்பாகைக்கு வருவோம். வெளிநாட்டுல பொம்மை சேர்க்கறவங்க மத்தியில 1940-கள் தலைப்பாகைக்குத் தனி மவுசு. பதினொன்னரை அங்குல பார்பிக்கு அந்தக் காலத்து டர்பனை அச்சு அசலா கட்டி விடுவாங்க. பார்த்தா ஏதோ ராணி வீட்டு ஃபேஷன் மாதிரி தெரியும். ஆனா அது வந்த கதை வேற. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஆம்பளைங்க போருக்குப் போயிட்டாங்க. தொழிற்சாலையில மிஷின் ஓட்டினது பொம்பளைங்க. முடி மிஷின்ல மாட்டிக்கும்னு துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டாங்க. ஜெர்மன்காரன் பிடியில இருந்த பாரீஸ்ல துணிக்கு ரேஷன், கரண்டு இல்லை, முடி அலங்காரத்துக்கு சுடுதண்ணி கிடையாது. துண்டுத் துணி கிடைச்சா அதைத் தலையில சுத்திக்கிட்டா போதும், வாராத முடி வெளியில தெரியாது. வேலைக்காகவும் இல்லாமையாலயும் கட்டினதுதான் பின்னாடி அழகாச்சு.

போர் முடியற நேரத்துல, 1945 மார்ச்ல, பாரீஸ் தையல்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு பொம்மைக் கண்காட்சி வெச்சாங்க. லூவ்ர் கட்டடத்துல ஒரு பகுதியில நடந்தது. பேரு 'தியேத்ர் த லா மோத்'. கம்பியால செஞ்ச 70 சென்டிமீட்டர் பொம்மைகள். பெரிய உடை தைக்கத் துணி இல்லை, அதனால சின்ன உடை. பட்டன்கூட நிஜமா போட்டுக் கழட்டலாம். தொப்பிக் கலைஞர்கள் குட்டிக் குட்டியா தலைக்குச் செஞ்சு குடுத்தாங்க. அந்தப் பொம்மைகள் இப்ப அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல மேரிஹில் மியூசியத்துல இருக்கு. எல்லாம் போன அப்புறமும் எங்க கைக்கு வேலை மறக்கலைன்னு காட்டறதுக்கு அவங்களுக்குப் பொம்மை தேவைப்பட்டிருக்கு. இதைப் படிச்சப்ப எனக்கு டிவி மேல நிக்கற ஜோடிதான் ஞாபகம் வந்தது.

போன மாசம் வீட்டுக்குப் போயிருந்தப்ப இதை எல்லாம் அம்மாகிட்ட அளந்துக்கிட்டு இருந்தேன். அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

"அவனுக்கே பதினொண்ணு கட்டிட்ட. இவ வெறுந்தலையோட நிக்கறாளே."

"அவளுக்கு என்னம்மா கட்டறது?"

"ஏன், நான் கட்டலியா?"

ஏற்காட்டுக்குக் காபி வந்து இருநூறு வருஷம் ஆச்சு. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தார்னு சுற்றுலா போர்டுல எல்லாம் எழுதியிருக்கும். அந்தக் காபியைப் பறிச்ச கை யாருதுன்னு போர்டுல இருக்காது. நவம்பர்ல இருந்து தை மாசம் வரைக்கும் விடியக்காலையில சில்வர் ஓக் நிழல்ல இறங்கணும். இலைத்தண்ணி கழுத்துல சொட்டும். முசுறு எறும்பு மேல இருந்து கொட்டும், கடிச்சா அன்னைக்குப் பூரா எரியும். அதனால பழம் பறிக்கற அத்தனை பொம்பளைங்க தலையிலயும் துண்டு இருக்கும். எங்க அம்மா இருபது சீசனுக்கு மேல கட்டியிருக்காங்க. முழங்கால் வலி வந்தப்புறம்தான் போறதில்லை.

கையைத் துடைச்சிட்டு, என் மல் துணியில ஒரு துண்டு கிழிச்சு, கஞ்சி இல்லாம, பிளாஸ்டிக் இல்லாம, பொம்மையை மடியில படுக்க வெச்சுக் கட்டினாங்க. நெத்தியில இருந்து ஆரம்பிச்சு, ரெண்டு நுனியையும் பின்னாடி கொண்டு போய்ப் பிடரியில குறுக்கே மாத்தி, திரும்ப மேல ஏத்தி, காதோரமா ஒரு செருகு. மிச்சத் துணி கழுத்தை மூடி முதுகுல விழுது. "இந்த வால் இல்லேன்னா எறும்பு ரவிக்கைக்குள்ள இறங்கிடும்"னாங்க. மொத்தம் நாலே மடிப்பு. கனம் ஏழு மடங்கு, மூணரை மடங்குன்னு நான் போட்ட கணக்கு எதுவும் தேவைப்படலை. அவ்வளவு கச்சிதம்.

அதுதான் பன்னெண்டாவது.

அடுத்த ஆடிக்கு வரி வசூலுக்கு வர்றப்ப நான் லீவு போட்டுட்டு ஊர்ல இருக்கப் போறேன். ரசீதை அம்மா பேர்ல போடச் சொல்லி நேர்லயே கேக்கணும். போடுவாங்களான்னு தெரியாது. போடலைன்னா மறு வருஷமும் கேக்கலாம்.

கொசுறு: உங்க ஊர்ல முண்டாசு எப்படிக் கட்டுவாங்க? முறுக்கியா, மடிச்சா? நுனியை இடது பக்கம் செருகுவாங்களா, வலது பக்கமா? வீட்ல தாத்தா, பாட்டி யாராவது இருந்தா ஒரு தடவை கட்டச் சொல்லி, மறக்காம பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க. மெதுவா கட்டச் சொல்லாதீங்க, வராது. :)